ஆபீசரின் தாடைக் கட்டி

என் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். இந்த முறை அவளைப் பாதியில் திரும்பக் கூப்பிடுவதில்லை. வீடே இடிந்து விழுந்தாலும், இடிபாட்டுக்குள் படுத்தபடி போனில் ‘எல்லாம் சௌக்கியம்’ என்றுதான் சொல்வேன்.

இதற்கு முந்தைய சரித்திரம் அவ்வளவு சிலாக்கியமில்லை. முதல் முறை அவள் போனபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் வந்தது. இரண்டாம் முறை வாஷிங் மெஷினிலிருந்து கிளம்பிய நுரை ஹால் சோபா வரை வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் முறை சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் இரண்டாம் நாளே பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் இருந்து ஒன்பது வருஷமாகிறது. இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

நான் லிப்ட் மெக்கானிக். பதினெட்டாவது மாடியில், இருட்டுக் குழிக்கு மேலே, ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீ குடிப்பேன். பயம் என்பதே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். என் மனைவி தண்ணீர் சப்ளை ஆபீசில் புகார் போன் எடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவர்களில் யாருக்கு நிஜமாகவே வரவில்லை, யார் பக்கத்து வீட்டுக்காரர் மேலுள்ள கோபத்தில் பேசுகிறார் என்பதைக் காதாலேயே தரம் பிரிப்பாள். அவளிடம் போனில் பொய் சொல்வது, நகைக்கடைக்காரரிடம் பித்தளை வளையலை நீட்டுவது மாதிரி.

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவள் ஆசையாக வளர்க்கும் கினிப்பன்றி; பெயரில்தான் பன்றி, உருவத்தில் வாலில்லாத குண்டு எலி. எப்போதும் காகிதக் குவியலின் மேல் உட்கார்ந்திருப்பான், எதையாவது மென்றுகொண்டே இருப்பான், யார் எதைக் கேட்டாலும் அசைய மாட்டான். அதனால் ஆபீசர் என்று பெயர். புறப்படும் முன் அவனை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “பத்திரம்,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஆபீசருக்குக் கேரட் நறுக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்துவிட்டேன். இடது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கெட்டியாக, உருண்டையாக, சூடாக. முடியை விலக்கிப் பார்த்தேன். தோல் சிவந்து பளபளத்தது. ஒருவேளை எல்லோருக்கும் அங்கே அப்படித்தான் இருக்குமோ என்று என் தாடையைத் தடவிப் பார்த்தேன். எனக்கு இல்லை. அது கட்டி. கட்டிக்கொண்டவளுக்குப் பயந்தே கல்யாணமான இருபது வருஷத்தைக் கழித்த எனக்கு, அன்றைக்குக் கட்டியும் சேர்ந்துகொண்டது.

எட்டு மணிக்குப் போன் வந்தது. ஆபீசர் சாப்பிட்டானா என்று கேட்டாள்.

“நல்லா சாப்பிட்டான்.”

“நல்லான்னா?”

“நல்லான்னா... நல்லா.”

மூன்று விநாடி மௌனம். ஆபீசில் அந்த மூன்று விநாடியில்தான் இன்ஸ்பெக்டரை அனுப்புவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வது வழக்கம். அவளோ, சரி, தூங்குங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் போட்ட கேரட் போட்டபடியே கிடந்தது. ஆபீசர் மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டால் விசிலடிப்பவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். போன வருஷம் என் ஈறு வீங்கியபோது பல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் இரண்டு மிச்சமிருந்தது. அதுவும் வாயோரம், இதுவும் வாயோரம். ஒரு மாத்திரையில் கால்பங்கை ஸ்பூனில் நசுக்கித் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது, எதிர் பிளாட் டிரைவிங் மாஸ்டர் பேப்பர் இரவல் வாங்க வந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மூன்று பேர் அவரோடு காரைச் சுவரில் மோதியிருக்கிறார்கள். இன்னும் குரலை உயர்த்தாமல்தான் பேசுவார்.

ஆபீசரைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார். “சார், தெரியாத ரோட்டுல வேகம் வேண்டாம்,” என்று சொல்லி ஸ்பூனை வாங்கி ஸிங்க்கில் கவிழ்த்தார். பத்து நிமிஷத்தில் நாங்கள் அவருடைய ‘கற்பவர்’ போர்டு மாட்டிய காரில் இருந்தோம். அட்டைப் பெட்டிக்குள் ஆபீசர். பெட்டி என் மடியில். என் உயிர் அந்தப் பெட்டிக்குள்.

ஆபீசருக்கு நகம் வெட்டுவதற்கு என் மனைவி கொண்டுபோகும் மிருக வைத்தியசாலை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். டாக்டரம்மா எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். ஸ்பூன் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதைக் கொடுத்திருந்தா கட்டி பிழைச்சிருக்கும். இவன் பிழைச்சிருக்க மாட்டான்.”

அந்த ஜாதி மருந்து கினிப்பன்றியின் வயிற்றிலிருக்கும் நல்ல கிருமிகளை அழித்து ஆளையே முடித்துவிடுமாம். டிரைவிங் மாஸ்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் தலை நிமிரவில்லை.

ஆபீசரை லேசாக மயக்கி, முடியை மழித்து, டாக்டரம்மா கட்டியைக் கீறினார். நான் தைரியமாக அருகிலேயே நின்றேன். உள்ளேயிருந்து சீழ் வந்தது. தண்ணீராக வரவில்லை, பற்பசையை அழுத்தினால் வருமே, அப்படிக் கெட்டியாக வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே நாற்காலி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கண் திறந்தபோது நர்ஸ் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். கன்னத்தில் குத்தி உள்ளேயே தங்கிவிட்ட காய்ந்த புல் துணுக்கு ஒன்றை டாக்டரம்மா இடுக்கியில் பிடித்துக் காட்டினார். இதுதான் காரணம் என்றார். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

கீறிய இடத்தைத் தைக்கவில்லை. மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டுமாம். அடியிலிருந்து ஆறிக்கொண்டு வர வேண்டும். அதுவரை காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அவர் கொடுத்த மருந்தை வாயில் விட வேண்டும். கூண்டில் புல்லுக்குப் பதிலாகத் துணி விரிக்க வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சாப்பாடு. தானாகச் சாப்பிடாவிட்டால் தீவனத்தைக் கரைத்து நாம் ஊட்ட வேண்டும். ஒரு நாள் வயிறு காலியாகக் கிடந்தாலும் இந்தப் பிராணி தாங்காது. கழுவுவதற்கு ரெண்டு பேர் வேணும், வீட்டுல யார் இருக்காங்க என்று கேட்டார். டிரைவிங் மாஸ்டர் தாமாகவே கையைத் தூக்கினார்.

மேலதிகாரிக்குப் போன் செய்து மூன்று நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். “ஆபீசருக்கு ஆபரேஷன் சார்,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் மரியாதையான ஓர் அமைதி. எந்த ஆபீசர் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. நாலு நாளாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஆபீசர் காதை மட்டும் அசைத்தான்.

முதல் தடவை கழுவியது ஒரு தனி அத்தியாயம். மாஸ்டர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் சிரிஞ்சை நீட்டினேன். ஆபீசர் திமிறும்போதெல்லாம் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. முப்பது வருஷப் பழக்கம், பிரேக் தேடியது. நான் அடித்த மருந்துத் தண்ணீரில் பாதி புண்ணுக்குப் போனது. மீதி மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைக் கழுவியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தேன். ஆபீசர் வீறிட்டான்.

“அது என்ன சத்தம்?”

“கதவு. எண்ணெய் போடணும்.”

“போடுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆபீசர் எதையும் தொடவில்லை. தீவனத்தைக் கரைத்து, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் வைத்து ஊட்டினேன். ஒரு சொட்டு. காத்திருக்க வேண்டும். மென்றால் இன்னொரு சொட்டு. பாதி என் சட்டைக்கு. புதன்கிழமை காலை எடை பார்த்தால் முப்பது கிராம் குறைந்திருந்தது. நான் முப்பது கிலோ குறைந்தவன் மாதிரி ஆகிவிட்டேன். துண்டுக்குள் அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது என் உள்ளங்கையில் தெரிந்தது. நின்றுவிடுமோ என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். இரண்டு முறை அவள் நம்பரைப் பாதிவரை அழுத்தி நிறுத்தினேன். கூப்பிட்டால் வந்துவிடுவாள். அவள் கை பட்டால் இவனும் சாப்பிட்டுவிடுவான். ஆனால் முந்தின நாள் அவள் போனை வைக்கும்போது அக்காவும் அவளும் எதற்கோ சிரித்த சத்தம் காதிலேயே இருந்தது. அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டு வெகுநாளாகியிருந்தது. போனை வைத்துவிட்டுத் தீவனத்தைக் கரைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாஸ்டர் ஒரு கொத்தமல்லிக் கட்டோடு வந்தார். ஒரு தண்டை ஆபீசரின் மூக்கருகே நீட்டினார். முகர்ந்தான். யோசித்தான். ஃபைலைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது போல ஒரு பாவனை. பிறகு நுனியைக் கடித்தான். தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, டைப்ரைட்டரில் காகிதம் நகர்கிற மாதிரி. இரண்டாவது தண்டுக்கு அவனே எட்டி வந்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். என்னிடம் கண்ணாடி இல்லை, சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். கைகால் கழுவும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. கட்டி, ஸ்பூன், மயக்கம், கதவு எண்ணெய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று சுவரோரம் நின்றேன். அவள் ஆபீசரைத் தூக்கி வெளிச்சத்தில் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். புண் அடியிலிருந்து சிவப்பாக, சுத்தமாக ஏறி வந்திருந்தது.

“நல்லா கழுவியிருக்கீங்க,” என்றாள்.

இருபது வருஷத்தில் கிடைத்த முதல் சர்டிபிகேட். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை புண்ணைக் காட்டுவதற்கு இருவருமாகப் போனோம். டாக்டரம்மாவுக்குத் திருப்தி, எடையும் ஏறியிருந்தது. வெளியே வந்ததும், வரவேற்பு மேஜையில் இருந்த பெண் ஆபீசரின் சிகிச்சை அட்டையை என்னிடம் நீட்டினாள். பெருமையோடு படித்தேன். முதல் வரியின் தேதி உதைத்தது. நான் கொண்டுவந்தது செவ்வாய்க்கிழமை. அட்டையில் அதற்கு முந்தைய நாள், காலை எட்டரை மணி. ‘இடது தாடைக்குக் கீழே சிறு கட்டி. வீட்டம்மா போனில் தகவல். நாளை கணவர் கொண்டுவருவார். பயந்த சுபாவம். கத்தியைக் காட்ட வேண்டாம்.’

ஆபீசர் ஒன்றும் அவ்வளவு பயந்தவன் இல்லையே என்றேன்.

“அது ஆபீசரைப் பத்தி இல்லை,” என்றாள் என் மனைவி.

அதன் பிறகு நிதானமாகச் சொன்னாள். புறப்படும் காலையில் மடியில் வைத்துத் தடவியபோதே கட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து டாக்டரம்மாவைக் கேட்டாள். ஒரு நாள் பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது என்றாராம். செவ்வாய் மத்தியானத்துக்குள் நான் வராவிட்டால் அவர் போன் செய்வதாகவும், இவள் அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகவும் ஏற்பாடு. தினமும் ஆபீசர் எப்படி இருக்கிறான் என்பதை எதிர் பிளாட் மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். பேப்பர் இரவல் வாங்க அவரை அனுப்பியதும் அவள்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நான் பஸ் ஏறியிருப்பேனா? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சதாலதானே நீங்களே பார்த்துக்கிட்டீங்க.”

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அதற்குள் வரவேற்புப் பெண், அடுத்த மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும், ஞாபகப்படுத்த யார் நம்பருக்குக் கூப்பிடுவது என்று கேட்டாள்.

“இவர் நம்பரையே எழுதிக்கோங்க,” என்றாள் என் மனைவி. “அடுத்த மாசம் பூரா நான் அக்கா வீட்ல இருப்பேன்.”