வெறுந்தலைப் பூசை

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லு மாப்ளே. பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே!" என்றான் ஆலஸ்.

நுமேரியஸ் அவசரமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். வந்திருப்பவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவன். அதைவிட முக்கியம், அவனுடைய விதவைத் தங்கை ஓப்பியாவைத்தான் நுமேரியஸ் அறுவடைக்குப் பிறகு கட்டிக்கொள்ளப் போகிறான். கொண்டுவந்த செய்தியும் கேட்டால் ஊரே பொறாமைப்படும் செய்திதான். இந்த வருஷம் ஹெர்குலிஸ் பூசையை நுமேரியஸ்தான் நடத்த வேண்டுமாம்.

"நானா? ஹெர்குலிஸுக்கா?"

"உன்னைவிட பக்திமான் இந்த ஊர்ல யாரு? மத்தவன் பூசைக்கு மட்டும்தான் முக்காடு போடறான். நீ சந்தைக்குப் போறப்பவும் போடறே, சாப்பிடறப்பவும் போடறே."

"வேற யாரையாவது பார்க்கக்கூடாதா?"

"எதுக்கு? சங்கத்துல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையே. உன் பரம எதிரி அந்தச் சாயக்காரன் ரெண்டு கையையும் தூக்கினான்."

"அவனுமா!"

"அவன்தான் முதல்ல."

சொல்லும்போது ஆலஸின் கண் நுமேரியஸின் முக்காட்டு ஓரத்திலேயே நின்றது. நுமேரியஸ் மேலாடை நுனியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

விஷயம் இதுதான். மற்ற தெய்வங்களுக்கெல்லாம் தலையை மூடிக்கொண்டுதான் பூசை செய்ய வேண்டும். அதனாலேயே நுமேரியஸுக்குத் தெய்வங்கள்மேல் அத்தனை பிரியம். ஹெர்குலிஸுக்கு மட்டும் முறையே வேறு. அவர் சன்னிதியில் வெறுந்தலையோடு நிற்க வேண்டும், அது அந்தக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். நுமேரியஸின் தலையிலோ, காதோரத்தில் ஒரு வேலியைத் தவிர மிச்சமெல்லாம் வெட்டவெளி.

புருண்டிசியம் துறைமுகத்திலிருந்து கம்பளித் துணி மூட்டைகளோடு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே அவன் தலையை எவனுக்கும் காட்டியதில்லை. நாவிதன் கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பொதுக் குளியலறைக்குப் போனதில்லை. முன்பெல்லாம் கூச்சத்தால் மறைத்தான். போன வசந்தத்தில் நாடகம் பார்க்கப் போன பிறகு பயத்தால் மறைத்தான். மேடைக்கு ஒரு வழுக்கைக் கோமாளி வந்தான். அவன் மண்டையில் நான்கு பேர் பளார் பளார் என்று அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓப்பியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நுமேரியஸின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஆலஸ் போன பிறகு நுமேரியஸின் வீட்டு அடிமை டாமா வந்து எதிரே நின்றான்.

"பேசாம மொட்டைத் தலையோட போய் நில்லுங்க எஜமான். நாலு நாள் சிரிப்பாங்க. அப்புறம் அவனவன் வேலையைப் பார்க்கப் போயிடுவான்."

"அந்த நாலு நாள்ல ஓப்பியா வேற ஒருத்தனைப் பார்த்துட்டா?"

"அப்போ ஒரு தைலம் இருக்கு. கரடிக் கொழுப்பு, மிளகு, எலிப் புழுக்கை."

"எலிப் புழுக்கையா!"

"நல்ல எலி எஜமான். தானியக் கிடங்கு எலி."

நுமேரியஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். தைலம் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றான் டாமா. வேலை செய்யத்தான் செய்தது. மறுநாள் காலையில் துண்டால் துடைத்தபோது காதோரம் இருந்த வேலியும் துண்டோடு வந்துவிட்டது.

நுமேரியஸ் துண்டைப் பார்த்தான், டாமாவைப் பார்த்தான், மறுபடி துண்டைப் பார்த்தான். "அடப்பாவி, என் அப்பா கொடுத்தது இவ்வளவுதாண்டா! அதையும் புடுங்கிட்டியே!"

"மனசைத் தளர விடாதீங்க. இப்பத்தான் இடம் சமமா இருக்கு. வரைஞ்சிடலாம்."

"என்னத்தை வரையறது?"

"முடியைத்தான். விளக்குக் கரியில எண்ணெய் குழைச்சா அசல் முடி மாதிரியே இருக்கும். சுருட்டை வேணுமா, நேர் முடி போதுமா?"

நுமேரியஸ் சற்று யோசித்து, சுருட்டை என்றான்.

டாமாவுக்குக் கை நன்றாகத்தான் ஓடியது. வெண்கலக் கண்ணாடியில் தள்ளி நின்று பார்த்தால் இளவட்டம் மாதிரி இருந்தது. பூசைக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று அன்று மத்தியானமே நுமேரியஸ் முக்காடு இல்லாமல் ஓப்பியா வீட்டுக்குக் கிளம்பினான். அங்கே போய் ஒரு தூணின் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டான்.

ஓப்பியா தேன் கலந்த மதுவும் அத்திப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். "முக்காடு இல்லாம உங்க முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கறேன். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்களேன்."

"கண்ணு கூசும்."

"உங்க ஊர் எதுன்னு சொன்னீங்க?"

"புருண்டிசியம். ஏன்?"

"சும்மாத்தான். கல்யாணத்துக்கு அங்கேயிருந்து உங்களைச் சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவங்க யாராவது வருவாங்கள்ல?"

நுமேரியஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்த ஊர்க்காரன் எவன் வந்தாலும் 'டேய் மொட்டை' என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான்.

"யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் செத்துட்டாங்க."

"எல்லாருமா? ஊரேவா?"

"எனக்குத் தெரிஞ்சவங்க பூராவும்."

வெயிலோ வெயில். பொய் சொன்ன வேர்வையும் சேர்ந்துகொண்டது. ஒரு கறுப்புச் சொட்டு அவன் மூக்கு நுனிக்கு வந்து அத்திப்பழத்தின்மேல் விழுந்தது. அடுத்தது வருவதற்குள் மேஜைத் துணியை உருவி நெற்றியைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டான்.

ஓப்பியாவின் முகம் வெளுத்துவிட்டது. "நெத்தியில என்ன?"

"நெத்தியிலயா? ஒண்ணும் இல்லையே! தலைவலி! நெத்தியில ஒண்ணுமே கிடையாது!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?"

பதில் சொல்ல அவன் அங்கே இல்லை. நெற்றிக்கட்டோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். கடைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயக்காரன் மட்டும் நீலம் பிடித்த கையால் கும்பிட்டு, "பூசைவரைக்கும் உடம்பைப் பார்த்துக்குங்க. எங்கேயும் போயிடாதீங்க" என்றான். எதிரிக்குக்கூடத் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று நுமேரியஸுக்கு அந்த அவசரத்திலும் மனசு கரைந்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி. பூசைக்கு முதல் நாள் பொய்முடி விற்கும் கிரேக்கக்காரி கிளீட்டாவின் கடைக்குப் போனார்கள். அங்கே தொங்கியதெல்லாம் ஜெர்மானியப் பெண்களின் மஞ்சள் முடி.

"கறுப்பு இல்லையாம்மா?" என்றான் நுமேரியஸ் மெல்ல.

"கறுப்புதான் ஊர்ல எல்லார் தலையிலயும் இருக்கே. அதை எவன் வாங்குவான்?" என்றவள் அவன் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "சரி சரி, எல்லார் தலையிலயும் இல்லைதான்" என்றாள்.

மஞ்சள் முடியை வால்நட் தோல் ஊறிய தண்ணீரில் போட்டு டாமா கறுப்பாக்கினான். விடிந்ததும் பைன் மரப் பிசினான கீலைக் காய்ச்சித் தலையில் தடவி, நெற்றி பாதிவரை இறக்கி ஒட்டினான். "காஞ்சிட்டா காளை மாடு கட்டி இழுத்தாலும் வராது எஜமான்" என்று கை தட்டினான்.

கோயில் முன்னால் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். பூசைக்கே வராத ரொட்டிக்காரர்கள்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆலஸ், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓப்பியா. நுமேரியஸ் முக்காட்டை விலக்கித் தழைந்த கருமுடியோடு பலிபீடத்துக்கு முன் நின்றான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பொறாமை என்று நினைத்து அவன் மார்பை நிமிர்த்தினான்.

சாயக்காரன் வந்து அவன் தலையில் இலைக் கிரீடத்தை வைத்தான். குழல்காரன் ஊத ஆரம்பித்தான். நல்ல வேளையில் கெட்ட சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக அவன் விடாமல் ஊத வேண்டும், மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது.

நெருப்பை மூட்டும்வரை.

மேலே சூரியன், எதிரே நெருப்பு. கீல் இளக ஆரம்பித்தது. முதலில் ஒரு சொட்டு பிடரிக்குள் இறங்கியது. பிறகு முடி மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது, கிரீடமும் அதோடு நகர்ந்தது. நுமேரியஸ் மதுவை ஊற்றுகிற சாக்கில் தோளால் அதை ஒரு தள்ளு தள்ளினான். அது வலது கண்மேல் வந்து உட்கார்ந்தது.

"அச்சச்சோ, கிரீடம் கோணுதே! இருங்க, நான் சரி பண்றேன்" என்று சாயக்காரன் பாய்ந்து வந்தான்.

"வேண்டாம்! தொடாதே!"

அவன் தொட்டான். தொட்டதோடு விடாமல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மற்ற இடத்தில் கீல் இளகியிருந்ததே தவிர நெற்றியில் காளை மாட்டுப் பிடியாகத்தான் பிடித்திருந்தது. நுமேரியஸுக்குத் தோலையே உரித்துப்போட்ட மாதிரி எரிந்தது. சரக்கென்று சத்தம் கேட்டது. கிரீடமும் ஜெர்மானியக்காரி முடியும் சாயக்காரன் கையில் இருந்தன.

நுமேரியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எப்போது சிரிப்பு வெடிக்கும் என்று காத்திருந்தான். வெடிக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தான். ஊரே வாய் பிளந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆலஸ் கல்லாகச் சமைந்திருந்தான். ஓப்பியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அழுவது தெரிந்தது.

சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் அழுவது அவன் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் இத்தனை வருஷம் சுமந்த பாரம் இறங்கியதில் ஒரு நிம்மதியும் இருந்தது. தலையில் காற்றுப் பட்டது, சுகமாக இருந்தது. நெற்றி எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"மன்னிச்சிடு ஓப்பியா. எல்லாரும் மன்னிச்சிடுங்க. உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன். ஆனா வழுக்கை அவ்வளவு பெரிய குத்தமாய்யா? அதுக்கா இப்படிப் பார்க்கறீங்க?"

ஊதுவதை நிறுத்தவே கூடாத குழல்காரன் குழலை வாயிலிருந்து எடுத்தான்.

"உங்க வழுக்கையைத்தான் காத்தடிக்கிறப்பல்லாம் பின்னாலேருந்து ஊரே பார்த்தாச்சேய்யா! முன்னால நெத்தியில, ஓடிப்போன அடிமைக்குப் போடற சூடு இருக்கான்னு பார்க்கத்தானே எல்லாருமாச் சேர்ந்து உங்களை இந்தப் பூசைக்கு நிறுத்தினோம். இதோ, செக்கச்செவேல்னு இருக்கே!"