ஏறலாம், இறங்கலாம், அப்படியே இருக்கலாம்

உலகப் பொருளாதாரத்தை யார் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா? நிதியமைச்சர்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. சர்வதேசப் பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனங்களில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேரும் 'பயிற்சி ஆய்வாளர்' என்று ஓர் இனம் உண்டு. என் அக்கா வீட்டிலேயே ஒன்று வளர்கிறது. அவள் மகன்தான்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் நிறுவன அட்டை தொங்கும். முடிவெட்டப் போனாலும் கழற்றாது. பெரியவர்கள் எழுதிய அறிக்கையில் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து, வரைபடத்தில் நீலக் கோட்டைப் பச்சையாக்கி, மறுபடியும் நீலமாக்கி, கருத்தரங்க மேசையில் பெயர்ப்பலகைகளை நேராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வருஷம் உலக வளர்ச்சியை நாங்க கொஞ்சம் குறைச்சிட்டோம்" என்று அறிவிக்கும். அக்கா பதறிப்போய், "ஏன்டா, பாவம்?" என்பாள்.

இந்த 'நாங்க'கூடப் பரவாயில்லை. பெரிய வியாதி, பிடிகொடுக்காமல் பேசுவது. சேர்ந்த புதிதில் பையன் ஓர் அறிக்கையில், "இறக்குமதித் தீர்வை கூடினால் விலை ஏறும்" என்று துணிந்து எழுதிவிட்டான். இயக்குநர் அம்மா அதை அடித்துவிட்டு, "ஏறக்கூடும் என்பதற்கான சில அறிகுறிகளை மறுப்பதற்கில்லை" என்று திருத்திக் கொடுத்தார். அன்றைக்கே அவனுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

முடிவெட்டுகிறவர் தெரியாத்தனமாகக் கேட்டார். "தம்பி, கடன் வாங்கி ரெண்டு நாற்காலி போடலாம்னு இருக்கேன். வட்டி ஏறுமா?"

"ஏறலாம். இறங்கவும் வாய்ப்பிருக்கு."

"அப்படியே இருந்துட்டா?"

"அதையும் நாங்க மறுக்கல."

அவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நாற்காலி வாங்கப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நஷ்டம் வேறிடத்தில் வந்தது. கல்லூரியிலிருந்தே அவனோடு பழகும் பெண் ஒருத்தி உண்டு. எங்கள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். அவனுக்கோ அவள் என்றால் உயிர். அவனைப் பற்றித் திட்டவட்டமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அவளுக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்தது. ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தவள், நான் அங்கே உட்கார்ந்திருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் நேராகவே கேட்டாள்.

"நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும். போகட்டுமா, இருக்கட்டுமா?"

'இரு' என்றால் இருந்திருப்பாள். இரண்டே எழுத்து. நம்மவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு பக்கம் பார்த்தா, நீ போறது நல்லது. இன்னொரு பக்கம் பார்த்தா, குறுகிய காலத்துல சில பாதிப்பு வரலாம்."

"யாருக்கு?"

"சம்பந்தப்பட்ட தரப்புகளுக்கு."

"அந்தத் தரப்பு நீயாடா?"

"அப்படிச் சொல்றதுக்கு இன்னும் கொஞ்சம் தரவு வேணும்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன் மாமா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எனக்கு அவன் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விடலாம் போலிருந்தது. விட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் அட்டை இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "மாமா, அவ போயிட்டா" என்றான்.

பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் வாயில் வந்த முதல் தெளிவான வாக்கியம் அதுதான். ஒரு 'கூடும்' இல்லை, ஓர் 'எனினும்' இல்லை, அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை. உட்காரச் சொன்னேன், அழுதான்.

என்ன, சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிதாபப்படுகிறீர்களா? பரவாயில்லை, படலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு, நீங்கள் இதைப் படித்து முடிக்கட்டும் என்று அடுத்த அறையில் காத்திருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்றுதானே சொல்லிவிட்டு வந்தீர்கள்?