பிரோங்கியா உச்சியில் கொளுத்திய கற்பூரம்

ஈஸ்ட் டாமாக்கி, ஒக்லாந்து,
28.1.1997

தமிழ்ச் சங்கத் தலைவர் உயர்திரு சபாரத்தினம் அங்கிள் அவர்களுக்கு,

மலையில் நெருப்பு வைத்தது நீங்கள். காட்டுக் காவல் ரேஞ்சரிடம் கொடுத்தது என் பெயரை. நீங்களும் குணவதி அன்ரியும் நலமாயிருக்க வேண்டும். நான் நலமில்லை.

தைப்பூசத்துக்கு மலையேற வேண்டும் என்றது நீங்கள். ஒக்லாந்துக்குள்ளேயே ஐம்பது எரிமலைக் குன்றுகள் இருக்க, "உதெல்லாம் மாடு மேயுற புல்லுமேடு. காடும் உச்சியும் இருந்தால்தான் முருகன் இருப்பார்" என்று தூரத்துப் பிரோங்கியா மலைக்கு இரண்டு வான் பிடித்தீர்கள். பட்டு வேட்டியோடு ஐந்து மணிநேரம் சேற்றில் நீங்கள் ஏறினீர்கள், குத்துவிளக்கையும் தேங்காய்ச் சாக்கையும் நான் தூக்கினேன், ஏனென்றால் சங்கத்தில் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் அங்கத்தவர்கள், தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன் தொண்டன். அடிவாரத்தில் 'நெருப்பு மூட்டத் தடை' என்று கதவளவு பலகை. "அது பார்பிகியூ போடுறவங்களுக்கு, தம்பி. சாமிக்கில்லை" என்றீர்கள். உச்சியில் தலைமையுரை, சிறப்புரை, பிறகு ஒரு பெட்டி கற்பூரம் முழுவதும். கரும்புகை எழும்ப, போன வருடம் ருவாப்பேஹு எரிமலை வெடித்ததை டீவியில் பார்த்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இந்தச் செத்த எரிமலையும் எழும்பிவிட்டது என்று கத்திக்கொண்டு கீழே ஓடினார்கள்.

நாங்கள் இறங்கிவர, ரேஞ்சர் கொப்பியோடு நின்றார். "இந்த மலை எங்கள் மூதாதை. உங்கள் பாட்டன் தலையில் நெருப்பு வைப்பீர்களா?" என்று கேட்டார், இந்த நாட்டுப் பூர்வகுடியான அந்த மாவோரி மனிதர். "ஓம், வைப்பம். செத்தால் கொள்ளி வைக்கிறது எங்கட கலாசாரம்" என்று ஆங்கிலத்தில் பெருமையாக விளக்கினீர்கள். பொறுப்பாளர் யார் என்று அவர் கேட்டதும், அரைமணிநேரம் தலைமையுரை ஆற்றியவரின் கை என் தோளில் விழுந்தது.

ஏன் என் பெயர் என்று வானுக்குள் கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: "நான் சிட்டிசன், தம்பி. பேப்பரில பேர் வந்தால் மானம் போயிடும். உமக்கு இன்னும் விசாவே வரேல்லை, போறதுக்கு என்ன இருக்கு?"

போவதற்கு நான் இருக்கிறேன், அங்கிள். என் வதிவிட விண்ணப்பம் இன்னும் மேசையில் கிடக்கிறது. வழக்கு விழுந்தால் என்னைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே நெருப்பு வைப்பவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

ஆகவே, "வைத்தது நான்தான்" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ரேஞ்சருக்கு அனுப்புங்கள். இல்லையேல் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கதைப்பேன்.

அந்த மலையில் முருகன் இருந்தால், உங்கள் கற்பூரப் புகையில் வந்த இருமல் தீர்ந்ததும் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தொண்டன் பார்த்தீபன்

பி.கு.: சற்றுமுன் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சமூகத் தலைவர் ஒருவரின் நற்சான்று இன்னும் கிடைக்கவில்லையாம். எனக்கு உங்களைவிட்டால் வேறு தலைவர் கிடையாது. ஆகவே நெருப்பு வைத்தது நான்தான். மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். நற்சான்றுப் படிவத்தை இணைத்திருக்கிறேன், மூன்றாவது தடவையாக. இந்த முறையாவது கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா?