ஹாலுக்கும் ஆலுக்கும் நடுவே ஒரு குறட்டை

நான் குறட்டை விடுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதை என் கணவரிடம் சொல்லிவருகிறேன். ஒரே ஒரு முறை விட்டிருக்கிறேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு மருத்துவமனையே சாட்சியாக இருப்பதால் வேறு வழியில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி போடுவதிலிருந்து போர்வை மடிப்பது வரை அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு. அவற்றில் பாதியை எழுதியதே நான்தான். கை கழுவுவது பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். (அதைப் படித்து முடிப்பதற்குள் கை தானே காய்ந்துவிடும் என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.)

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தரச் சான்றிதழுக்காக ஆய்வாளர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி தருகிறீர்களா என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. எங்கள் செவிலியர்களுக்கு மன அழுத்தம் எதனால் என்று வாசலில் இளநீர் விற்பவரைக் கேட்டால்கூடச் சொல்வார். ஆள் குறைவு. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் எடுப்பதுதான் அதற்கு மருந்து. ஆள் எடுக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை, பயிற்சி வைக்கும் அதிகாரம் இருந்தது. வைத்தேன்.

பகல் பணியில் இருப்பவர்களை வார்டிலிருந்து எடுக்க முடியாது. எனவே இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். தூங்கப் போகிறவளை மறித்து, ஓய்வெடுப்பது எப்படி என்று பாடம் நடத்துவது அன்றைக்கு எனக்கு மிகச் சரியான யோசனையாகத்தான் பட்டது. சுற்றறிக்கையில் ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

பயிற்சி நாள் காலையில் ஆயிஷா என் அறைக்கு வந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்தவள்.

“மேடம், இன்னிக்குச் சாயங்காலம் என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. வீட்டுக்குப் போயி கொஞ்சம் தூங்கிக்கிறேனே. போன தடவையும் நைட் டூட்டி முடிச்சுட்டுத்தான் போயி உக்காந்தேன். வந்தவங்க என் கண்ணப் பாத்துட்டு, பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னன்னு அத்தாகிட்ட கேட்டுட்டுப் போயிட்டாங்க. அதோட சரி. இந்த எடமும் அப்படிப் போச்சுன்னா அம்மா என்னைய வேலையை விடச் சொல்லிரும்.”

இரக்கம் காட்டுவதற்கு நடைமுறை எதுவும் நான் எழுதியிருக்கவில்லை.

“இந்தப் பயிற்சியே ஒன்ன மாதிரி ஆளுகளுக்குத்தாம்மா. முடிச்சுட்டுப் போ, மொகம் பளிச்சுன்னு இருக்கும்” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரி மேடம்” என்றாள். கசப்பு மாத்திரையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நோயாளிகளும் இதே குரலில்தான் சொல்வார்கள்.

அடுத்த அடி சென்னையிலிருந்து விழுந்தது. பயிற்சியாளர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். வேறு தேதி கேட்டவரிடம், படிக்க வேண்டியதை என் கைப்பேசிக்கு அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடு, மூச்சை இழு என்று சொல்ல ஒரு ஆள் சென்னையிலிருந்து வர வேண்டுமா? (ஆய்வாளர்களுக்காகக் கோப்புகளைச் சரிசெய்து சரிசெய்து, நானும் சில நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கருத்தரங்கக் கூடத்தில் குளிர்சாதனத்தைப் போட்டு ஜமுக்காளம் விரித்தாயிற்று. எலக்ட்ரீஷியன் மாரிச்சாமி என் சேலைத் தலைப்பில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு ஒலிபெருக்கிப் பெட்டியிடம் போனார். அந்தப் பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ஹால்: அந்தக் கூடத்துக்கு மட்டும். இன்னொன்று ஆல்: மருத்துவமனை முழுவதற்கும்.

“மேடம், ஆல்ல போடவா?” என்று கேட்டார்.

மதுரையில் ‘ஹ’ என்ற எழுத்துக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. பாவம், ‘ஹால்’ வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திருத்தினால் மனம் புண்படும். பெருந்தன்மையோடு, “போடுங்க” என்றேன்.

போட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

செவிலியர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். நான் நாற்காலியில் அமர்ந்து, என் குரலில் இருந்த கண்டிப்பையெல்லாம் வடிகட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

“கண்களை மூடிக்கொள்ளுங்கள். கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். இப்போது உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. உங்கள் சுமைகள் எல்லாம் இறங்கிவிட்டன...”

படிக்கப் படிக்க என் குரல் எனக்கே இதமாக இருந்தது.

“மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். அப்படியே நிறுத்துங்கள். நான் சொல்லும்போது விடலாம்...”

எனக்கு நினைவிருப்பது இதுவரைதான். இனி வருவது மற்றவர்கள் சொன்னது. குறிப்பாக, அன்று சர்க்கரைப் பரிசோதனைக்காகப் புறநோயாளிகள் பகுதியில் உட்கார்ந்திருந்த என் கணவர் சொன்னது. (வருடத்துக்கு வருடம் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்கிறார்.)

என் குரல் எல்லாத் தளத்திலும் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிற நல்ல ஜனங்கள் எங்கள் ஜனங்கள். டோக்கனோடு காத்திருந்தவர்கள் கண்ணை மூடினார்கள். கேன்டீன் மாஸ்டர் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார், தோசை கருகியது. பில் கட்டும் இடத்தில் ஒருவர், “சுமையெல்லாம் எறங்கிருச்சுன்றாங்களே, அப்ப கட்ட வேணாமா?” என்று விசாரித்தார். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த பெண், வரிசையாக எல்லோருக்கும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுப்போனதாக முடிவு செய்தாள்.

பிறகு நான் மூச்சை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். விடச் சொல்ல வேண்டிய நான் தூங்கிப் போயிருந்தேன்.

என் கணவருக்குப் பக்கத்தில் சோழவந்தான் வெற்றிலை வியாபாரி ஒருவர். கன்னம் உப்பி, முகம் சிவந்து, விடலாமா என்று கையால் சைகை காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. யாருக்கோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஓர் அம்மாள் அழத் தொடங்கினார். ஆக்சிஜன் குழாய் பிடுங்கிக்கொண்டது என்று இன்னொருவர் எழுந்து ஓடினார். எந்த வார்டு என்று தெரியாமல் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள்.

என் கணவர் மட்டும் நிதானமாக எழுந்து நின்றார்.

“யாரும் பயப்படாதீக. இது எங்க வீட்டம்மா. இப்ப லாரி மேடேறுற மாதிரி ஒண்ணு வரும், பெறகு ஒரு விசில் வரும். அம்புட்டுத்தான்.”

லாரி வந்தது. விசிலும் வந்தது. கூட்டம் அவரை மரியாதையோடு பார்த்தது.

வெற்றிலை வியாபாரியின் தோளைத் தட்டி, “நீங்க மூச்ச விட்டுருங்கண்ணே. அவ இப்போதைக்கு எந்திரிக்க மாட்டா” என்றார்.

கூடத்தின் கதவைத் திறந்து முதலில் எட்டிப் பார்த்தவர் எங்கள் தலைமை மருத்துவர். ஜமுக்காளத்தில் வரிசையாகச் செவிலியர்கள். ஒருத்தி காலணியைக்கூடக் கழற்றவில்லை. ஒருத்தி தூக்கத்திலேயே யாருக்கோ நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். ஆயிஷா கன்னத்தை ஜமுக்காளத்தில் பதித்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்து கிடந்தாள். நடுவே நாற்காலியில், தலையைப் பின்னால் சாய்த்து, கண்காணிப்பாளர்.

எழுப்பப் போன மாரிச்சாமியைத் தலைமை மருத்துவர் தடுத்தாராம். மைக்கை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, “ட்ரெய்னிங் நல்லாத்தான் நடக்குது. யாரும் உள்ள போக வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கண் விழித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பக்கத்தில் என் கணவர், பரிசோதனை முடிவுக் காகிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு.

“ராணி, இத்தன வருசமா நான் பொய் சொல்றேன்னியே. வெளிய வந்து கேட்டுப் பாரு” என்றார்.

வெளியே மாரிச்சாமி நின்றிருந்தார். “நான் ஹால்லதானே போடச் சொன்னேன்?” என்று எகிறினேன்.

“நான் ஆல்லயான்னுதான மேடம் கேட்டேன். ஹால நாங்க மீட்டிங் ரூம்னுல்ல சொல்லுவோம்.”

அவர் அந்த ‘ஹ’வை எவ்வளவு சுத்தமாக உச்சரித்தார் என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆயிஷாவை எழுப்பினேன். மணியைப் பார்த்தவள் பதறி எழுந்தாள். இடது கன்னத்தில் ஜமுக்காளத்தின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. தண்ணீரடித்துத் தேய்த்தோம், போகவில்லை. ஆஸ்பத்திரி வேனிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, அன்று மாலை முழுவதும் என் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் இனிப்புப் பெட்டியோடு வந்தாள்.

“மாப்ளையோட அம்மா, ‘மாஷா அல்லா, மொகம் நல்லாத் தெளிவா இருக்கு’ன்னு சொன்னாங்க மேடம். பெறகுதான் கன்னத்துல என்னம்மா கோடுன்னு கேட்டாங்க. உள்ளதச் சொல்லிட்டேன். அவரு சிரிச்ச சிரிப்புல டீயைச் சட்டையில கொட்டிக்கிட்டாரு.” ஒரு ஜாங்கிரியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “வேலைக்கு வந்ததுல இருந்து, யாரும் பெல் அடிச்சு எழுப்பாம நான் தூங்குனது நேத்துத்தான் மேடம்.”

அந்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டே, ‘கட்டாயம்’ என்று அடிக்கோடு போட்ட சுற்றறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு இரவுப் பணிக்காரர்களைப் பயிற்சிக்கு நிறுத்தக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூடுதலாகச் சிலரை வேலைக்கும் எடுத்தார்கள். செவிலியர்களுக்குக் கட்டில் போட்ட ஓய்வறை ஒன்று வந்தது. அதற்கான நடைமுறையை என்னையே எழுதச் சொன்னார் தலைமை மருத்துவர். உள்ளே தூங்குகிறவரை எழுப்பக்கூடாது. அவ்வளவுதான் எழுதினேன். நான் எழுதியதிலேயே எல்லோரும் முழுதாகப் படித்த நடைமுறை அது ஒன்றுதான்.

பசுமலையில் எங்கள் வீட்டில் இப்போது நிலைமை இதுதான். “ஒரு நிமிஷம் இருங்க” என்று நான் சொன்னால் போதும், என் கணவர் உடனே மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்கிறார். பேரனும் பழகிவிட்டான். போன மாதம் ஆயிஷா தன் கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். காபி கொண்டு வருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் அத்தனை பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டைக் கீழே வைத்தேன்.

“சரி, விடுங்க” என்றேன்.