‘ல்’ வருவதற்குள்

உலகத்தில் ஒரு வேலையை ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. முடிக்கிறவர்களும் உண்டு, எண்ணிக்கையில் கொஞ்சம் குறைச்சலாக. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், ஆரம்பத்துக்கே அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. தலைப்புக்காரர் என்று அதற்குப் பெயர் வைப்போம்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். புது டைரியின் முதல் பக்கத்தில் மூன்று வண்ணத்தில் பெயரை எழுதிவிட்டு ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து வெள்ளையாக விட்டுவிடுகிறவர், அலுவலகக் கூட்டத்தில் ‘சுருக்கமாகப் பேசி முடித்துவிடலாம்’ என்பதையே இருபது நிமிடம் விளக்குகிறவர், சுற்றுலாவுக்கென்று வாட்ஸப் குழு தொடங்கி அதன் பெயரையும் படத்தையும் ஒன்பது தடவை மாற்றி, கடைசியில் யாரும் எங்கும் போகாமல் குழு மட்டும் மிஞ்சும்படி பார்த்துக்கொள்கிறவர், எல்லாரும் ஒரே குலம்தான். ஆனால் இந்தக் குலத்தின் ராஜா, படத்துக்குப் பெயர் போடுகிறவர். அதிலும் மர்மப் படத்துக்கு.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம், அறுபத்து நாலு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் அப்படி ஒரு ராஜா வசிக்கிறார். பெயர் ஜெகதீஷ். சேலத்துக்காரர். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் வேலை. மற்ற நேரமெல்லாம் கலை.

கீழ்த்தளத்தில் இருக்கும் கனிமொழி, அடுக்ககத்தின் ஆண்டுவிழாவுக்காக எட்டு நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுத்தாள். ‘சாம்பல் கைரேகை’ என்று பெயர். மொட்டை மாடியில் தினமும் காலையில் ஒரு பிடி சாம்பல் கிடக்கிறது. அதன் மேல் ஒரு விரல் பதிந்திருக்கிறது. யார் எரிக்கிறார்கள்? எதை? இதுதான் கதை. எரிக்கிறவராக நடித்தவர் அடுக்ககத்துக்குக் குழாய் வேலை பார்க்கும் துலுக்கானம். வெள்ளானூர்க்காரர். வாழ்நாளில் முதல்முறையாக நடிக்கிறார். படத்தில் அவர் முகம் கடைசி நாற்பது விநாடியில்தான் தெரியும். அந்த நாற்பது விநாடிக்காகக் கனிமொழி நாலு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி வெயிலில் காய்ந்தாள். அந்த நாற்பது விநாடியைப் பார்க்கத்தான் துலுக்கானத்தின் மனைவி நாகவல்லி, உறவுக்காரர் பதினோரு பேரைத் திரட்டி ஷேர் ஆட்டோவில் கூட்டிவருவதாக இருந்தாள்.

சங்கச் செயலாளர் முகமது இஸ்மாயில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது தாமதமாக வந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். “பன்னெண்டு நிமிஷம்மா. அதுக்கு மேல ஒரு செகண்டு கிடையாது. அப்புறம் பசங்க டான்ஸ், அப்புறம் சாப்பாடு” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எட்டு நிமிடப் படத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். தாராளம்தானே?

தாராளம்தான். கனிமொழி மூன்றாவது மாடிக்குப் போகாமல் இருந்திருந்தால்.

“அண்ணா, பேரு மட்டும் போட்டுக் குடுங்க. அஞ்சு செகண்டு போதும்.”

ஜெகதீஷ் சிரித்தார். கல்யாண வீட்டில் தண்ணீர் மட்டும் போதும் என்கிற விருந்தாளியைப் பார்த்துப் பெண்ணின் அப்பா சிரிக்கிற சிரிப்பு.

“பேரு போடறதுன்னா ரேஷன் கார்டுல போடற மாதிரின்னு நெனச்சியா கனி? டைட்டில்தான் படத்துக்கு வாசல். ஜனங்க அங்கயே சீட்டு நுனிக்கு வந்துடணும்.”

சீட்டு நுனிக்கு வந்து என்ன செய்வார்கள்? அதற்கு மேலும் நகர்ந்தால் கீழே விழுவார்கள். அதைப் பற்றித் தலைப்புக்காரர் யோசிப்பதில்லை.

மூன்று வாரம் எழுத்துருவுக்கே போயிற்று. வெடித்த எழுத்து, கசிந்த எழுத்து, எலி கொறித்த எழுத்து என்று நாற்பத்தேழு வகையை வரிசையாக வைத்து, ராத்திரி பகல் பாராமல் எல்லாருக்கும் அனுப்பி, ‘எது பயமாக இருக்கிறது?’ என்று கேட்டார். எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்தது புகை. கண்ணாடி ஜாடித் தண்ணீரில் சொட்டு நீலத்தை விட்டு, அது கலைவதை மெதுவாக ஓட்டினால் இருட்டில் புகை மாதிரி இருக்கும் என்று எங்கோ பார்த்திருந்தார். பாட்டில் பாட்டிலாக நீலம் தீர்ந்தது. இந்த இனத்தை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன்: விரலைப் பாருங்கள். ஜெகதீஷின் கட்டைவிரல் ஒரு மாதம் நீலமாகவே இருந்தது.

“சட்டைக்குப் போட நீலம் இல்ல, படம் புடிக்க மட்டும் இருக்கு” என்றார் அவர் மனைவி வரலட்சுமி. “நாளைக்கு அந்தப் படத்தையே மாட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போங்க.”

பிறகு சத்தம். குக்கர் விசிலைப் பதிவு செய்து தலைகீழாக ஓட்டினார். பேய் மூச்சு வாங்குவது போல இருந்தது. அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

கடைசியாக எழுத்துகளின் வருகை. பெயர் மொத்தமாக வரக் கூடாதாம். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இருட்டாக, சொட்டுச் சொட்டாக வர வேண்டுமாம். கணினிக்குத் தமிழ் அந்த அளவுக்குப் பிடிபடவில்லை. ‘கை’ என்று அடித்தால் முதலில் ‘க’ வந்து நின்று, இரண்டு விநாடி கழித்து அதன் முதுகுக்குப் பின்னால் ‘ை’ தனியாக வந்து உட்கார்ந்தது. “எழுத்து தப்பா வருதேண்ணா” என்றாள் கனிமொழி. “தப்பு இல்ல, திகில்” என்றார் ஜெகதீஷ்.

இதெல்லாம் போகட்டும். ஒரு சனிக்கிழமை, குழாய் ஒழுகுகிறது என்று துலுக்கானத்தை வீட்டுக்கு வரவழைத்து, சாம்பல் பூசிய அவர் இடது கட்டைவிரலைக் கேமராவுக்கு நெருக்கமாக வைத்துப் படம் பிடித்தார் பாருங்கள், அங்கேதான் வினை.

“இன்னா சார், கொயா லீக்குன்னு இட்டாந்து வெரலப் புடிச்சிகினு கீறீங்கோ?”

“டெக்ஸ்சர் துலுக்கானம், டெக்ஸ்சர்!”

“அது டெக்ஸ்சரு இல்ல சார். ரெஞ்சு வுயுந்துது.”

ரெஞ்சு விழுந்து நகம் நடுவில் இரண்டாகப் பிளந்த விரல் அது. அறுபத்து நாலு வீட்டிலும் குழாயைத் திருகிய விரல். அதனால்தான் படப்பிடிப்பு முழுக்கக் கனிமொழி அதன் மேல் துண்டைச் சுற்றி வைத்திருந்தாள். ஜெகதீஷுக்கு அது தெரியாது. அவர் கதையைப் படிக்கவில்லை. தலைப்புக்காரர் எந்தக் காலத்தில் தலைப்புக்குக் கீழே படித்தார்?

ஆண்டுவிழா அன்று சாயங்காலம் ஆறு ஐம்பதுக்குத்தான் பென் டிரைவ் கைக்கு வந்தது. “படத்து முன்னாடி ஒட்டியாச்சு” என்றார் ஜெகதீஷ். எவ்வளவு நீளம் என்று கேட்கக் கனிமொழிக்கு நேரமில்லை. ஏழு மணி. கார்களை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்ட பார்க்கிங்கில் விளக்கை அணைத்தார்கள்.

இருட்டு. பேய் மூச்சு. நீலப் புகை. பெயர்கள் அரை அரை விநாடிக்கு மங்கலாகத் தோன்றி மறைந்தன, மர்மமாம். கனிமொழியின் பெயரைக் கனிமொழியாலேயே படிக்க முடியவில்லை. ‘தலைப்பு வடிவமைப்பு: ஜெகதீஷ்’ மட்டும் பதினோரு விநாடி, பளிச்சென்று, அசையாமல் நின்றது.

பிறகு படத்தின் பெயர் புறப்பட்டது. சா. இருட்டு. சாம். இருட்டு, புகை, மூச்சு. சாம்ப. அங்கே ஜெகதீஷ் உச்சக்கட்ட இடைவெளி ஒன்று வைத்திருந்தார். பதினெட்டு விநாடி. பார்க்கிங்குக்குப் பின்னால் சமையல்காரர் தாளித்துக்கொண்டிருந்தார். பெருங்காயம் மணந்தது. வரிசை வரிசையாகப் பசித்த ஜனம்.

“சாம்பார்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பார்க்கிங் அதிர்ந்தது. “வத்தக்கொழம்பு எப்ப வரும்?” “மொதல்ல கூட்டு போடுப்பா!” இந்தக் கலவரத்தில் ‘ல்’ வந்ததை யாரும் பார்க்கவில்லை. முதுகில் ‘ை’ தொற்றிக்கொண்ட ‘க’ வந்தபோது ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் முடிந்து, திரை முழுக்க, ஆள் உயரத்துக்கு வந்து நின்றது ஒரு கட்டைவிரல். நடுவில் பிளந்த நகம்.

அறுபத்து நாலு வீடும் ஒரே குரலில்: “துலுக்கானம்!”

கனிமொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். யார் என்கிற கேள்வி, படம் ஆரம்பிக்கும் முன்பே தீர்ந்துவிட்டது. இதற்கே நாலு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது.

கூட்டல் உங்களுக்கு வரும்தானே? படம் ஓடியது. எதை எரிக்கிறார் என்று மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது. மாடிப்படியில் முதுகு காட்டி ஏறிய உருவம் நின்றது, தீக்குச்சியை உரசியது, மெல்ல முகத்தைத் திருப்பப் போனது. இஸ்மாயில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

“பன்னெண்டு நிமிஷம். நன்றி. டான்ஸ் பசங்க மேடைக்கு வாங்க.”

மூன்றாவது வரிசையில் நாகவல்லி எழுந்தாள். கூடவே பதினோரு பேரும் எழுந்தார்கள்.

“இன்னா சார் இது? என் ஊட்டுக்காரு மூஞ்சியே வர்ல. கட்டவெரலு மட்டுந்தான் வந்துது. அத்த நான் ஊட்லயே பாத்துக்குவேனே!”

“டைம் ஓவர்ம்மா. ரூல் ரூல்தான்.”

“ரூலா? மின்னாடி சாம்பாரு சாம்பாருன்னு எய்திகினு இருந்தாரே ஒருத்தரு, அத்தினி நேரம், அது யாரு கணக்கு நைனா? அவராண்ட வாங்கி எங்களாண்ட குடு!”

பார்க்கிங் கைதட்டியது. இஸ்மாயில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பதினோரு பேரையும் பார்த்தார். ரயில்வேயில் சிறப்பு ரயில் என்று ஒன்று உண்டு. “நாப்பது செகண்டு” என்று விளக்கை அணைத்தார். கனிமொழி ஓடிப் போய், படம் நின்ற இடத்திலிருந்து ஓட்டினாள்.

துலுக்கானம் திரும்பினார். ஒரு கையில் எரியும் குச்சி, இன்னொரு கையில் காகிதம். காகிதத்தில் ஒரே வரி: ‘அன்புள்ள தம்பிக்கு’. அதற்குக் கீழே வெள்ளை. சண்டை போட்டுப் பேச்சு விட்டுப்போன தம்பிக்குத் தினமும் கடிதம் எழுத உட்கார்ந்து, முதல் வரியைத் தாண்ட முடியாமல், தினமும் எரிக்கிற மனுஷன். காகிதத்தைப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் அழ வேண்டும் என்றுதான் கனிமொழி எழுதியிருந்தாள். அவர் சிரித்துவிட்டார், தன்னைப் பார்த்துத் தானே. குச்சியை ஊதி அணைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டாவது வரியை எழுதினார்: ‘தப்பு என் மேலதான்.’ படம் முடிந்தது.

யாரும் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை. இஸ்மாயிலே விளக்கைப் போட மறந்துவிட்டார். நாகவல்லி பக்கத்து நாற்காலிக்காரியிடம், “இந்த ஆளு நம்ம ஊட்லதான் கீறாரா?” என்று கேட்டாள்.

துலுக்கானத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. கனிமொழி ஒரு தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அருகில் வந்தார் ஜெகதீஷ்.

“எல்லாம் சரி கனி. அந்த ‘அன்புள்ள தம்பிக்கு’ன்னு வருது பாரு, அந்த எழுத்துதான் கொஞ்சம் சரியில்ல. என்கிட்ட விட்டிருந்தா ஒவ்வொரு எழுத்தா வர வெச்சிருப்பேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று யாருக்கோ ‘உங்க கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்’ என்று தட்டி அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனீர்களே, அவர் இன்னும் சீட்டு நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அனுப்புவதற்கென்று எழுத ஆரம்பித்து, ‘அன்புள்ள’ வரைக்கும் வந்து நிற்கிற கடிதம் ஒன்றும் எங்காவது இருக்கலாம்.

எதற்கும் ஒருமுறை கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலம் எதுவும் இல்லையே?