வருங்காலம் பிடித்த குடை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கௌரவம்.

நகராட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனேன். மாதிரி ஓட்டுச் சீட்டை விரித்து, முத்திரையை எங்கே குத்துவது, எப்படி மடித்தால் மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டாது என்று வார்டுக்கே பாடம் நடத்தினேன். எனக்கு அது முதல் ஓட்டு. திரைக்குள் போனதும் அவசரப்பட்டு, இரண்டு சின்னங்களுக்கு நடுவில் இருந்த கோட்டின் மேல் குத்திவிட்டு வந்தேன். எண்ணும்போது அதிகாரி அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி, "எவன்யா இவன்?" என்றார். வேட்பாளரின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நான், "எவனோ விவரம் தெரியாத பய சார்" என்றேன்.

ஒரே ஆறுதல், அந்த ஓட்டு செல்லுபடியாகியிருந்தாலும் எங்கள் ஆள் தோற்றுத்தான் இருப்பார். அமோகமாகத் தோற்றார்.

அவர்தான் வருங்காலம். இந்த நாட்டில் தேர்தலில் பிரசாரம் செய்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். தேர்தலே இல்லாமல் வருஷக்கணக்கில் பிரசாரம் செய்தவர் அவர் ஒருவரே. காரைக்குடியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடைக்கு எதிர்ச் சுவரில் அவர் பெயரை எழுதி, 'நமது வருங்கால கவுன்சிலர்' என்றும் எழுதினோம். அடித்த மழையில் எல்லாம் கரைந்து 'வருங்கால' மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து அவருக்கு வேறு பெயர் கிடையாது.

அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. சின்னம் கிடைத்த அன்று விரித்த குடையை அவர் மடக்கவே இல்லை. வெயிலுக்கு விரிப்பார், மேகத்துக்கு விரிப்பார், கல்யாணப் பந்தலுக்குள்ளும் விரிப்பார். வழியில் யார் நடந்தாலும் ஓடிப்போய்த் தலைக்கு மேல் பிடிப்பார். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்தவரை விரட்டிப் பிடித்துக் குடைக்குள் இழுத்தார்.

"நான் கானாடுகாத்தான் ஆளுங்க. எனக்கு இங்குட்டு ஓட்டே இல்ல."

"இல்லாட்டி என்ன? பொண்ணு இந்தத் தெருவுலதானே கட்டிக் குடுத்திருக்கீக!"

அறுபதுகளில் முதல் தடவை அரிசி மில்காரரிடம் தோற்றார். மறுநாள் காலை தெருக்குழாயடியில் அதே குடை, அதே கும்பிடு. குடம் வைத்திருந்த வள்ளியக்கா திகைத்துப் போனாள்.

"என்னண்ணே, நேத்தோட முடிஞ்சு போச்சே. இன்னமுமா கும்பிடுறீக?"

"அது போன தேர்தலுக்குத் தாயி. இது அடுத்ததுக்கு."

அடுத்ததில்தான் நான் கோட்டின் மேல் குத்தினேன். மில்காரரே மறுபடி ஜெயித்தார். ஜெயித்த பிறகு அவர் எங்கள் தெருவுக்குள் வரும்போது கார்க் கண்ணாடி ஏறிவிடும். குழாயில் காற்று வந்தது, சாக்கடை தெருவுக்கு வந்தது, கவுன்சிலர் மட்டும் வரவில்லை.

மூன்றாவது தேர்தலில் வருங்காலம் நிச்சயம் ஜெயித்திருப்பார். அது வரத்தான் இல்லை. மன்றத்தின் காலம் முடிந்து, நகராட்சியை நடத்தத் தனி அதிகாரி வந்தார். தேர்தல் பொங்கலுக்கு என்றார்கள், ஆடி கழியட்டும் என்றார்கள், எழுபதுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பதவி ஏற்பதற்கென்று வருங்காலம் ஒரு பட்டு ஜிப்பா தைத்து வைத்திருந்தார். கவுன்சிலராகி மன்றத்தில் ஒரு தடவையாவது எழுந்து நின்று பேச வேண்டும். உலகத்தில் அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு சுற்றுப் பெருத்தார். டெய்லர் ஜிப்பாவின் தையலை ஒரு சுற்றுப் பிரித்து விட்டார்.

தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் அவர் எப்போதும் வேட்பாளராகவே இருந்தார். தெருவிளக்கு எரியாவிட்டால் நகராட்சி ஆபீஸ் வாசலில் குடையோடு போய் நிற்பார். எரிந்த பிறகுதான் திரும்புவார். குழாயடிச் சண்டையில் தீர்ப்புக் கேட்டால் இரண்டு பேரும் சொல்வது நியாயம் என்பார், இரண்டு பேருக்கும் ஓட்டு இருந்ததால். மில்காரர் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டபோதும் மூங்கில் கழியோடு போய்விட்டார்.

"அண்ணே, உங்களத் தோக்கடிச்ச மனுசன் வீடு!"

"அதனால என்ன? அந்த வீட்டுலயும் ஓட்டு இருக்குல்ல."

மெதுவாகத்தான் எங்கள் தெருவுக்கு ஒரு உண்மை உறைத்தது. குழாயடியில் அதை வாய்விட்டுச் சொன்னவள் வள்ளியக்கா.

"எலெக்சன் வந்து இவுகளும் ஜெயிச்சிட்டா நம்ம கதி என்னடி ஆகும்?"

பெண்கள் அரண்டு போனார்கள். அதன் பிறகு தேர்தல் தள்ளிப்போகும் போதெல்லாம் வள்ளியக்கா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். டீக்கடை ராவுத்தர் பேப்பரைப் பிரிக்கும்போதே, "இன்ஷா அல்லா, இந்த வருசமும் இருக்காது" என்பார். வருங்காலம் கடைக்குள் வந்ததும் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிப்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே தொங்கப் போடுவேன். ஏஜெண்ட் அல்லவா?

கடைசியில் ஒருநாள் ராவுத்தர் பேப்பரைப் பார்த்தார், இன்ஷா அல்லா வரவில்லை. வார்டு எல்லைகளை மாற்றுகிறார்களாம். எங்கள் வார்டே இல்லையாம். தெருவின் ஒரு சிறகு வீடுகள் ஒரு வார்டுக்கு, எதிர்ச் சிறகு வீடுகள் இன்னொரு வார்டுக்கு.

வருங்காலம் வந்தார். யாருக்கும் முகத்தைத் தொங்கப் போடத் தோன்றவில்லை, அது தானாகவே தொங்கியிருந்தது. பேப்பரை வாங்கிப் படித்தார்.

"அப்ப நம்ம வார்டு?"

"இல்லீங்கண்ணே" என்றார் ராவுத்தர்.

டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். பெஞ்சில் குடையை விட்டுவிட்டுப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையில் அண்டாக்களுக்கு நடுவே பட்டு ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரிப்பதற்கு இனித் தையல் இல்லை, பித்தான் தெறித்திருந்தது. "சும்மா கெடந்து பூச்சி அரிக்குது" என்றார். குடையைச் சாத்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அவர் வெளியே வரவில்லை. ஒரு வாரம் குழாயடியில் சத்தமே இல்லை. சண்டை போட்டால் யார் வந்து இரண்டு பேரும் நியாயம் என்பார்கள்?

எனக்கு மதுரையில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பிய அன்று உச்சி வெயில். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைக்கக் கௌரவம் இடம்கொடுக்காமல் கையில் தூக்கிக்கொண்டு, இங்குட்டும் அங்குட்டும் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். தெருமுனை திரும்பும்போது தலைமேல் நிழல் விழுந்தது. பின்னால் குழாயடியிலிருந்து வள்ளியக்காவின் குரல், "ஏ, வந்துட்டாகடி!"

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். முக்கால் குடை என் பக்கம்தான் இருந்தது. ஓட்டு இருந்தபோதே அதை ஒழுங்காகப் போடாதவன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, வார்டும் போச்சு, என் ஓட்டும் இனிமே மதுரையில. எனக்கு எதுக்குண்ணே குடை?"

"வெயிலுக்குடா."