நூறு சதவீத எதிர்ப்பும் பாதி தட்டுக்கடையும்

கழக்கூட்டம் ஐ.டி. பார்க் வாசல்ல தள்ளுவண்டியில தட்டுக்கடை போட்டிருக்க பிச்சைக்கனிக்கு மாநகராட்சி நோட்டீஸ் வந்துச்சு. 'தங்கள் கடைக்குப் பொதுமக்கள் எதிர்ப்பு நூறு சதவீதம் என ஊடகச் செய்தி வாயிலாக அறியப்படுவதால், திங்கட்கிழமைக்குள் வண்டியை அகற்ற இதனால் அறிவுறுத்தப்படுகிறது.' கொண்டுவந்த பியூன் மூணு தோசை தின்னுட்டுதான் நோட்டீஸையே நீட்டினாரு.

பிச்சைக்கனி நேரா லோக்கல் சேனலுக்குப் போயி, கருத்துக்கணிப்பு எடுத்த மலையாளத்துப் பொண்ணு ராஜஸ்ரீயப் பிடிச்சாரு.

"ஏம்மா, ஊரே வேண்டாம்னா என் தோசைய யாரு திங்கா, பேயா?"

"எதிர்ப்பு நூறு சதவீதம் கூடிச்சுன்னுதானே அண்ணாச்சி சொன்னோம். பத்து பேர்ட்ட கேட்டோம். போன மாசம் ஒருத்தர் வேண்டாம்னாரு, இந்த மாசம் ரெண்டு பேரு. டபுள் அல்லே?"

"பத்தே பேரா? எங்க வச்சு கேட்டிய?"

"உங்க கடைக்கு எதிர்த்த ஓட்டல் ஏசியில. வெளிய நல்ல வெயில் அல்லே."

"பிழை வரம்பு மூணு சதவீதம்னு போட்டியளே, அது எப்படி வந்துச்சு?"

"எல்லா சேனல்லயும் மூணுதான் அண்ணாச்சி."

கெஞ்சிக் கூத்தாடி மறுபடி எடுக்க வச்சாரு. இந்தத் தடவை ஒருத்தர்தான் வேண்டாம்னாரு. 'எதிர்ப்பு ஐம்பது சதவீதம் சரிவு'ன்னு செய்தி வந்துச்சு. அத எடுத்துக்கிட்டு மாநகராட்சி ஆபீசர் அனந்தபத்மநாபன் முன்னால போயி நின்னாரு.

ஆபீசர் பேப்பர்ல கழிச்சுப் பாத்தாரு. "நூறுல அம்பது போச்சு, மிச்சம் அம்பது. பாதி ஜனம் எதிர்க்கறா. ஆகையால பாதி வண்டிய எடுத்துடும்."

"எந்தப் பாதி சாரே? அடுப்பா, சக்கரமா?"

"அது உம்ம சௌகரியம். அதுல ஆபீஸ் தலையிடப்படாது."

வீட்டுக்காரி கலைச்செல்விதான் வழி சொன்னா. "நேத்து மழையில ஒத்த ஆளு வந்தான். இன்னைக்கு நாலு பேரு. அவிய பாஷையிலயே எழுதி மாட்டும்."

'வாடிக்கையாளர் 300 சதவீதம் உயர்வு'ன்னு போர்டு ஏறிச்சு. கணக்குப் போட்டே லட்சத்துல சம்பளம் வாங்குற பிள்ளைகள் எல்லாம் பார்க் கேட் வரைக்கும் வரிசை கட்டிச்சு. எதுல முந்நூறுன்னு ஒருத்தன் கேக்கணுமே, ம்ஹூம்.

திங்கட்கிழமை பாதி வண்டிய அளக்க டேப்போட வந்த ஆபீசர் போர்டப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. "ஆதரவு முந்நூறு, எதிர்ப்பு அம்பது. கழிச்சா இருநூத்தம்பது. ஓய், சட்டப்படி நீர் ரெண்டரை வண்டி போடணுமே." அங்கனயே ஆர்டர் எழுதிக் கையெழுத்தும் போட்டாரு.

பிச்சைக்கனி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு.

"அன்னைக்கு சேனல்ல போயி அந்தக் குதி குதிச்சீரு, இப்ப கணக்கு தப்புன்னு சொல்ல வாய் வரலியா?"ன்னா கலைச்செல்வி.

"அன்னைக்கு தப்பு அவிய பக்கம் இருந்துச்சு. இப்பம் நம்ம பக்கம்லா இருக்கு. நீ தோசையத் திருப்பு."